வெட்னஸ்டேயில் ஒலிக்காத 'டி' யாருடையது?

கேள்வி:

வணக்கம் மேடம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வெட்னஸ்டே என்று எழுதும்போது நடுவில் வரும் 'டி'யை ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிறாள். "சொல்லாத எழுத்தை ஏன் எழுதணும்?" என்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்கிடையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் ஒரு செய்தி அனுப்பினார். வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் நம் கிழமைகளைப் பார்த்து சண்டே, மண்டே என்று மொழிபெயர்த்துக்கொண்டார்களாம். புதன்தான் வோடன் ஆகி, வெட்னஸ்டே ஆனதாம். மகளின் வகுப்பிலோ இதற்கு நேர்மாறாக, ஏழு கிழமையும் ஆங்கிலேயர் நமக்குத் தந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டில் எது சரி? மகளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

(புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கல்லூரியில் ஆங்கில மொழியின் வரலாற்றைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் மைத்துனரின் செய்திக்கு வருகிறேன்.

அந்த 'டி' ஒரு காலத்தில் ஒலித்தது. சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் அந்த நாளின் பெயர் ஏறக்குறைய 'வோட்னெஸ் டைய்'. வோடன் என்பது ஒரு கடவுளின் பெயர். டைய் என்றால் நாள். வோடனுடைய நாள். பிறகு முதல் உயிரொலி 'ஓ'விலிருந்து 'எ'க்கு மாறியது. 'ட்', 'ன்', 'ஸ்' என்று மூன்று மெய்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தில் 'ட்' நாக்கிலிருந்து நழுவிவிட்டது. எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. நம் ஊரில் பிள்ளைகள் எழுத்துப்பிழை வராமலிருக்க "வெட்-நெஸ்-டே" என்று பிரித்துச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள் இல்லையா? அதையே மகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அது குறுக்குவழி மாதிரித் தெரிந்தாலும், உண்மையில் அந்தச் சொல்லின் பழைய உச்சரிப்புக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். அந்த 'டி' வோடனின் பெயரில் உள்ள எழுத்து என்று தெரிந்துவிட்டால் அவள் இனி அதை விடமாட்டாள்.

அடுத்து வரும் 'ஸ்' எனக்கு இன்னும் பிடித்தமானது. ராம்ஸ் புக் என்றால் ராமுடைய புத்தகம். அந்த உடைமையைக் காட்டும் 'ஸ்'தான் டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே மூன்றிலும் நடுவில் இருக்கிறது. டீவுடைய நாள், வோடனுடைய நாள், துனோருடைய நாள். அப்படியானால் சண்டே, மண்டே, ஃப்ரைடேயில் ஏன் 'ஸ்' இல்லை? பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஒரே உருபு கிடையாது. 'சுன்னெ' என்ற சூரியன் உடைமைப் பொருளில் 'சுன்னன்' ஆகும், 'மோனா' என்ற சந்திரன் 'மோனன்' ஆகும். ஞாயிறு, கிழமையோடு சேரும்போது ஞாயிற்று என்று உருமாறுகிறதே, ஏறக்குறைய அதே வேலை.

கிழமை என்ற சொல்லையும் பாருங்கள். இன்று அதை நாள் என்ற பொருளில்தான் பயன்படுத்துகிறோம். இலங்கைத் தமிழர்கள் "வாற கிழமை" என்றால் அடுத்த வாரம். ஆனால் பழந்தமிழில் கிழமை என்றால் உரிமை, உடைமை. கிழவன் என்றால் வயதானவர் இல்லை, உரியவன். நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமைக்குத் தற்கிழமை, பிறிதின் கிழமை என்று இரு வகை சொல்வார்கள், அங்கேயும் அதே பொருள்தான். ஆக, புதன்கிழமை என்றால் புதனுக்கு உரியது. ஆங்கிலத்தின் அந்தச் சின்ன 'ஸ்' செய்கிற வேலையைத் தமிழில் கிழமை என்ற முழுச் சொல் செய்கிறது. இரண்டு மொழியும் நாளை ஒருவருக்கு உடைமையாக்கிப் பேசுகின்றன. ஏன் அப்படி என்பதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது வோடன் யார் என்று பார்ப்போம். ஆங்கிலேயரின் முன்னோர்களான ஆங்கில்கள், சாக்சன்கள் முதலிய ஜெர்மானிய இனத்தவர் 5-ஆம் நூற்றாண்டில்தான் பிரிட்டன் தீவில் பெருமளவில் குடியேறினார்கள். அதற்கு முன் ஐரோப்பாவில், ரோமப் பேரரசின் எல்லையை ஒட்டி வாழ்ந்தார்கள். ரோமப் படையில் சேர்ந்தவர்கள் உண்டு, ரோம வணிகர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் உண்டு. கிறிஸ்தவம் அவர்களிடம் பரவுவதற்கு முன்பே, ரோமர்களின் ஏழு நாள் வாரத்தை எடுத்துக்கொண்டார்கள். எடுக்கும்போது பெயர்களை அப்படியே வாங்காமல், ரோமக் கடவுளுக்கு ஈடாகத் தங்கள் கடவுளை வைத்தார்கள். இந்த ஒப்பீடு ரோமர்களுக்கும் பழக்கமானதுதான். கி.பி. 98-இல் ஜெர்மானியரைப் பற்றி எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அவர்கள் மற்றக் கடவுள்களை விட அதிகமாக வணங்குவது ரோமக் கடவுளான மெர்க்குரியை என்கிறார். அவர் மெர்க்குரி என்று குறிப்பிட்டது வோடனைத்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். இருவரும் ஊர் ஊராக அலைகிறவர்கள், தந்திரசாலிகள், இறந்தவர்களோடு தொடர்புள்ளவர்கள். மெர்க்குரியின் கோள் புதன். அதனால் வெட்னஸ்டே நம் புதன்கிழமையோடு பொருந்திவிட்டது.

ஆகவே, புதன் என்ற சொல் திரிந்து வோடன் ஆகவில்லை. உங்கள் மைத்துனருக்கு வந்த செய்தியைப் போன்ற ஒரு கருத்து 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் போன்ற பெரிய அறிஞரே வோடனும் புத்தரும் ஒருவராக இருக்கலாம் என்று நினைத்தார். ஆனால் கோளான புதன் வேறு, கௌதம புத்தர் வேறு. வோடன் என்ற பெயருக்கு ஜெர்மானிய மொழிகளுக்குள்ளேயே வேர் இருக்கிறது. வெறி, ஆவேசம் என்ற பொருள் தரும் பழைய சொல் அது. பர்மிங்ஹாம் பக்கம் வெட்னஸ்பரி என்று ஓர் ஊர்கூட உண்டு, வோடனின் பெயர் இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மற்ற நாட்களுக்கும் இதே கதைதான். செவ்வாய் ரோமர்களுக்கு மார்ஸ், போர்க் கடவுள். ஜெர்மானியர் அந்த இடத்தில் டீவ் என்ற கடவுளை வைத்தார்கள், டியூஸ்டே வந்தது. வட ஐரோப்பியக் கதைகளில் அவர் பெயர் டீர். கட்டிப்போட வந்த தேவர்களை நம்பாத ஓநாயின் வாய்க்குள் பிணையாகத் தன் கையை வைத்து, அந்தக் கையை இழந்தவர். இங்கிலாந்தின் வடக்கே ரோமர்கள் எழுப்பிய ஹேட்ரியன் மதிலில், ஹவுஸ்டெட்ஸ் என்ற கோட்டையில், ஜெர்மானிய வீரர்கள் 3-ஆம் நூற்றாண்டில் நிறுத்திய பலிபீடக் கற்கள் கிடைத்தன. அவற்றில் 'மார்ஸ் திங்சஸ்' என்று கடவுளின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ரோமப் பெயரோடு ஜெர்மானிய அடைமொழி. இரண்டு கடவுள்களை ஒன்றாகப் பார்த்த அந்த மனநிலை கல்லிலேயே நிற்கிறது. ஜெர்மன் மொழியில் செவ்வாய்க்கிழமை 'தீன்ஸ்டாக்' ஆனதும் அந்த அடைமொழியிலிருந்துதான் என்பது பெரும்பாலோர் கருத்து.

வியாழன் ரோமர்களுக்கு ஜூபிடர், இடியை ஏந்தியவர். ஜெர்மானியரின் இடிக் கடவுள் துனோர். 'துன்ரெஸ் டைய்' என்பதுதான் பழைய வடிவம். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து குடியேறிய பிறகு, தோர் என்ற அவர்களின் உச்சரிப்பும் சேர்ந்து அதைத் தர்ஸ்டே ஆக்கியது. ஆங்கிலத்தில் இடியைக் குறிக்கும் தண்டர் அந்தத் துனோரின் பெயர்தான். வெள்ளிக்கு ரோமர்களின் வீனஸ். ஈடாக வந்தவள் வோடனின் மனைவி ஃப்ரிக். பலர் ஃப்ரேயா என்று எழுதுகிறார்கள், அவள் வேறு தெய்வம்.

இங்கே உங்கள் மைத்துனருக்குப் பிடித்த மாதிரி ஒரு உறவு உண்மையிலேயே இருக்கிறது. டீவ் என்ற பெயரும் வடமொழியின் தேவ என்ற சொல்லும் ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து பிறந்தவை. ஃப்ரிக் என்ற பெயரும் வடமொழியின் பிரிய என்பதும் அப்படியே, அன்புக்குரியவள் என்று பொருள். ஆங்கிலமும் வடமொழியும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் வந்த உறவு இது. நாம் தேவன், பிரியம் என்று கடனாக வாங்கிப் பேசுகிற சொற்களுக்கு டியூஸ்டேயும் ஃப்ரைடேயும் தூரத்துச் சொந்தம். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது கிடையாது. அக்காள் தங்கையைத் தாய் மகள் என்று சொல்லிவிடக் கூடாது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். சண்டே ஞாயிறு, மண்டே திங்கள், அப்புறம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று ஏழும் ஒரே வரிசையில் எப்படிப் பொருந்துகின்றன? ஏழு பெயர்களை 5040 விதமாக வரிசைப்படுத்தலாம். இரண்டு நாட்டினர் தனித்தனியாக யோசித்து ஒரே வரிசைக்கு வந்திருக்க முடியாது. அதுவும் இந்த வரிசையை வானத்தில் தேடினால் கிடைக்காது. பிரகாசத்தின்படியும் இல்லை, தூரத்தின்படியும் இல்லை.

விடை உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் இருக்கலாம். பல காலண்டர்களில் ஹோரை என்று ஓர் அட்டவணை போடுவார்கள். அதை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மணி சூரியனுக்கு. அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். எட்டாவது மணிக்கு மறுபடி சூரியன். இந்த வரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சனியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிப் பாருங்கள்: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். வானத்தில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை அடுக்கியிருக்கிறார்கள். சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை, குருப்பெயர்ச்சி ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை, சந்திரனோ ஒரு ராசியில் இரண்டேகால் நாள். சனைச்சரன் என்ற வடமொழிப் பெயருக்கே மெல்ல நடப்பவன் என்றுதான் பொருள். சனீஸ்வரன் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்தது. பூமியை நடுவில் வைத்துப் பார்த்த பழைய வானியலில், மெதுவாக நகர்வது தொலைவில் இருக்கிறது என்று கொண்டார்கள்.

இனி எண்ண வேண்டியதுதான். ஒரு நாளைக்கு 24 மணி. ஏழேழாக மூன்று சுற்று போனால் 21. மிச்சம் மூன்று. ஞாயிற்றுக்கிழமையின் 22-ஆம் மணி சூரியன், 23 சுக்கிரன், 24 புதன். அடுத்த நாள் முதல் மணி சந்திரன். அதனால் அது திங்கட்கிழமை. திங்களில் ஆரம்பித்து அப்படியே எண்ணினால் மறுநாள் முதல் மணி செவ்வாய்க்கு வரும். ஒரு நாளின் முதல் மணி யாருக்கு உரியதோ, அந்த நாளே அவருக்கு உரியது. கிழமை என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! எனக்கு முதன்முதலில் இதை ஓர் ஆசிரியர் கரும்பலகையில் எண்ணிக் காட்டியபோது உடம்பு சிலிர்த்தது. பேனாவும் காகிதமும் எடுத்து உங்கள் மகளே எண்ணட்டும், நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கணக்கு ரோமப் பேரரசின் சோதிடர்களிடம் இருந்தது. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சோதிடர் வெட்டியஸ் வாலன்ஸ் இதை விளக்குகிறார். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாறு எழுதிய காசியஸ் டியோவும் விளக்குகிறார், எகிப்தியர்களிடமிருந்து வந்த பழக்கம் என்கிறார். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரத்தின் சுவர்க் கிறுக்கல்களிலேயே கோள்களின் பெயரிட்ட கிழமைகள் இருக்கின்றன. நாளை 24 மணியாகப் பிரித்தது எகிப்து, கோள்களைத் தெய்வங்களோடு சேர்த்துக் கவனித்து எழுதி வைத்தது பாபிலோன், இவற்றைக் கணக்காகச் சேர்த்தது கிரேக்க மொழி பேசிய சோதிடர்கள். யூதர்களின் ஏழு நாள் வாரம் தனியாக இருந்தது, இரண்டும் ரோமில் ஒன்றாகக் கலந்தன.

அங்கிருந்து மேற்கே போன கிளைதான் சண்டே, மண்டே. கிழக்கே வந்த கிளை நம்முடையது. ஹோரை என்ற சொல்லே கிரேக்கத்தின் 'ஹோரா', மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'அவர்' (hour) என்ற சொல்லும் அதுதான். இந்தியாவில் கிழமையைக் குறிப்பிடும் கல்வெட்டுகளில் மிகப் பழையது மத்தியப் பிரதேசத்தின் ஏரண் என்ற ஊரில் இருக்கிறது. குப்த மன்னன் புதகுப்தன் காலத்தது, கி.பி. 484, அன்றைக்கு வியாழக்கிழமை. தமிழில் 7-ஆம் நூற்றாண்டின் திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தில் ஞாயிறு தொடங்கி சனி வரை ஏழையும் இதே கிழமை வரிசையில்தான் அடுக்குகிறார்.

கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-இல். ஆயிரம் வருடம் பழமையான ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளிலேயே அவர்களின் ஏழு கிழமைகளும் இருக்கின்றன. எனவே அவர்கள் இந்தியாவுக்கு வந்து நம்மிடமிருந்து எடுக்கவில்லை. நாமும் அவர்களிடமிருந்து எடுக்கவில்லை, சம்பந்தர் காலத்தில் அவர்கள் இங்கே எங்கே இருந்தார்கள்? வகுப்பில் சொன்னவர் ஒருவேளை ஞாயிறு விடுமுறையை நினைத்திருக்கலாம். அந்த விடுமுறை ஆங்கிலேயர் ஆட்சியில் வந்ததுதான். அதன் வேர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் சூரியனின் நாளை ஓய்வு நாளாக்கிப் போட்ட ஆணையில் இருக்கிறது.

ஐரோப்பாவில் எல்லோரும் இந்தக் கடவுள் பெயர்களை வைத்துக்கொள்ளவில்லை. போர்த்துக்கீசியர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண்ணால் சொல்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் பிஷப் யோன் பழைய கடவுள்களின் பெயரில் நாளைச் சொல்லக் கூடாது என்றார். இன்றும் அங்கே செவ்வாய் மூன்றாம் நாள், புதன் வாரத்தின் நடுநாள். தோரின் கதைகளை ஏட்டில் எழுதிக் காப்பாற்றிக் கொடுத்த நாட்டிலேயே தோரின் நாள் இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

சனிக்கிழமையை விட்டுவிட்டேன். சாட்டர்ன் என்ற ரோமக் கடவுளுக்கு ஈடாக ஜெர்மானியர் யாரையும் வைக்கவில்லை, ரோமப் பெயரே சாட்டர்டே ஆகிவிட்டது. ஆனால் ஸ்காண்டிநேவியர்கள் வேறு வழியில் போனார்கள். சுவீடனில் சனிக்கிழமை 'லோர்டாக்'. அதன் பழைய வடிவம் 'லௌகர்டாகர்', குளிக்கும் நாள் என்று பொருள். டென்மார்க்கிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய டேனியர்கள் தினமும் தலைவாரி, சனிக்கிழமைதோறும் குளித்தார்கள் என்று ஒரு ஆங்கிலத் துறவி பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். "சனி நீராடு" என்று ஔவை சொன்னதைப் படித்து வளர்ந்த நமக்கு இது எவ்வளவு பழகியது போல இருக்கிறது! இதற்கும் நமக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது, தற்செயலான பொருத்தம்தான். குழுவில் இதையும் யாராவது தமிழரிடமிருந்து போனது என்று அனுப்பினால் நம்ப வேண்டாம்.

உங்கள் மைத்துனரிடம், செய்தி தவறு என்று குழுவில் எல்லோர் முன்னாலும் எழுதாதீர்கள். அவர் கவனித்த பொருத்தம் உண்மையானது, சொன்ன காரணம்தான் தவறு. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது காலண்டரைக் கையில் கொடுத்து, ஹோரையை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் மகளே அவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். எண்ணும்போது ஒரு விஷயம் மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: அட்டவணையில் சில காலண்டர்கள் பகல் பன்னிரண்டு மணியை மட்டும் போட்டிருக்கும். அப்படியானால் இரவின் பன்னிரண்டு மணியை அவர்களாகவே அதே வரிசையில் தொடர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் கணக்கு இடிக்கும்.